ஜன்னலை மறைத்த அலமாரி

"வெளிச்சத்துக்காகத்தான். பச்சைக் குழந்தைக்கு இவ்ளோ வெளிச்சம் ஆகாது. கண்ணு கூசும், தூங்காது, நாள் பூரா சிணுங்கிக்கிட்டே கிடக்கும்" என்றார் நூலு.

அவர் மனைவி கேட்டது, பெயின்ட் டப்பாவின் மூடி எங்கே என்று.

"மூடியைக் கேட்டா கண்ணு டாக்டர் மாதிரி பேசறீங்க. நான் எப்பங்க வெளிச்சத்தைப் பத்திக் கேட்டேன்?"

"இல்ல, நீ கேப்பேன்னு…"

"முப்பத்தஞ்சு வருஷமா நான் கேட்டதுக்கே பதில் வந்ததில்ல. இன்னிக்குக் கேக்காததுக்கு வருது. நல்லா இருக்கு."

நூலுவின் தோள் ஒரு மர அலமாரியின் பக்கவாட்டில் இருந்தது. ஆள் உயர அலமாரி. ஜன்னலில் முக்கால்வாசியை அது ஏற்கெனவே மறைத்துவிட்டது. மிச்சத்தையும் மறைக்கத்தான் அவர் மூச்சுப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். கடைசித் தள்ளில் அலமாரி கிறீச்சென்று நகர்ந்து நின்றது. மூன்றாம் மாடியில், மகள் வீட்டில், காலை பத்து மணி வெயில் அடித்துக்கொண்டிருந்த அறை, கதவைச் சாத்திய கிடங்கு போல ஆயிற்று.

பட்டறையில் அவருக்கு வைத்த பேர்தான் நூலு. வெல்டிங் வேலையில் இஞ்சுக்கும் கீழே ஓர் அளவு உண்டு, அதற்கு நூல் என்று பேர். எட்டு நூல் சேர்ந்தால் ஓர் இஞ்சு. ஒரு நூல் பிசகினாலும் செய்ததை அறுத்துத் திரும்பப் போடுகிற ஆள் அவர். கேட்டோ, மாடிப்படிக் கைப்பிடியோ, எது செய்தாலும் கம்பிக்குக் கம்பி இடைவெளி மூன்று இஞ்சைத் தாண்டாது. "என்னய்யா, பூனை கூட நுழைய முடியாது போல இருக்கே" என்று வாடிக்கைக்காரர்கள் சிரிப்பார்கள். "நுழைய வேணாம்" என்பார். மகள் சின்னவளாக இருந்தபோது அவர் செய்து கொடுத்த கட்டிலைப் பார்த்து, "இதுல நம்ம பொண்ணு படுக்கணுமா, கோழி அடைக்கணுமா?" என்று மனைவி கேட்டதை உறவுக்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அந்த மகளுக்குத்தான் இப்போது மகள் பிறந்திருந்தாள். ஒரு மாதம் முந்திக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு கிலோ எண்ணூறு. நகம் மட்டும் பெரிய மனுஷி மாதிரி முழுசாக இருந்தது. இரண்டு கிலோ ஆனால்தான் வீட்டுக்கு அனுப்புவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பிறந்த அன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பஞ்சு மூட்டை போல அவள் தூங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, நூலு அங்கே நின்ற முன்பின் தெரியாத ஆளின் கையைப் பிடித்து, "காதைப் பாருங்க, அப்படியே என் காது" என்றார். அந்த ஆளும் பாவம், எட்டி எட்டிப் பார்த்தார்.

நான்காம் நாள் குழந்தை கண்ணைத் திறந்தது. கறுப்பாக, ஆடாமல் அசையாமல், நேராக. எல்லோரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு "பாரு பாரு" என்று கூத்தாடினார்கள். நூலு மட்டும் பின்னால் நகர்ந்தார். டீ குடிக்கப் போகிறேன் என்று கிளம்பினார். அதற்கப்புறம் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் வராந்தாவோடு சரி. கேட்டால், அறை வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்பார்.

அறை வேலை கிடந்தது உண்மைதான். குழந்தை அவசரப்பட்டதில் ஒன்றுமே தயாராகவில்லை. மகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே ஒவ்வொன்றாகச் சொல்லி போனில் அனுப்பினாள். சுவருக்கு இளமஞ்சள், வாசம் அடிக்காத பெயின்டாகப் பார்த்து. தொங்குகிற கயிறு இல்லாத திரை. அலமாரி சாயாதபடி சுவரோடு சேர்த்து முடுக்க வேண்டும். கடைசியாக, அவள் மாசக்கணக்காக ஆசைப்பட்டது: ஜன்னலை ஒட்டி முட்டி உயரத்தில் ஒரு பெட்டி பெஞ்சு. உள்ளே பொம்மை, துணி போட்டுக்கொள்ளலாம். மேலே மெத்தை. அதில் உட்கார்ந்து வெளிச்சத்தில் பால் கொடுக்கலாம். நாளைக்குக் குழந்தை நடக்க ஆரம்பித்தால் அதன்மேல் ஏறி நின்று தெருவை வேடிக்கை பார்க்கும்.

"ஏறி நின்னு." அந்த இடம் வந்ததும் நூலு போனை அணைத்துவிட்டார்.

மற்ற எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்தார். தரையில் நாலு காலில் தவழ்ந்து, குழந்தை கண்ணுக்கு என்ன படும், கைக்கு என்ன எட்டும் என்று பார்த்தார். பிளக் பாயின்டுகளுக்கு மூடி போட்டார். மேஜையின் நாலு முனையையும் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து முட்டை மாதிரி ஆக்கினார். முட்டி வீங்கிப்போனது. பெஞ்சு மட்டும் செய்யவில்லை. அந்த இடத்தில் அலமாரி வந்து நின்றது.

காரணத்தை அவர் முப்பத்தொரு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. கட்டினவளிடம்கூட.

அந்த ஜன்னல் அவர் செய்தது. அது மட்டுமா? அந்தக் கட்டடத்தின் நாற்பது வீட்டிலும் தெருப்பக்க ஜன்னல் அவர் கை வேலைதான். அப்போது அவருக்கு இருபத்தேழு வயசு, வேறொருவர் பட்டறையில் வேலை. நாலு அடி அகலத்துக்குப் பதினோரு கம்பி வர வேண்டும். "ஏழு போடு, போதும்" என்றார் கான்டிராக்டர். ஏழு போட்டார். ஆறு இஞ்சுக்கு ஒரு கம்பி. போடும்போதே அவர் கைக்குத் தெரிந்தது, இது அகலம் என்று. வாய்க்கு வரவில்லை.

ஆட்கள் குடிவந்து மூன்றாவது மாதம், ஒரு மத்தியானம் பட்டறைக்கு யாரோ ஓடிவந்தார்கள். ரெண்டாம் மாடியில் ஒரு குழந்தை ஜன்னல் கம்பிக்குள் தலையை விட்டுவிட்டது, எடுக்க வரவில்லை, ரம்பத்தோடு வா என்று. ஓடினார். உள்ளே தாய் குழந்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அலறிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து அறுத்தால் கழுத்தில் படும். அதனால் வெளியே கீழ்வீட்டு சன்ஷேடில் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு, குழந்தையின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து அறுத்தார். ஒன்றரை வயசு இருக்கும். அதுவரை வீறிட்ட குழந்தை, அவர் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று அழுகையை நிறுத்தியது. ரம்பம் போய்வரப் போய்வர, கண்ணை மூடாமல் அவரையே பார்த்தது. அதன் மூச்சு அவர் புறங்கையில் பட்டுக்கொண்டே இருந்தது. நீதானே போட்டாய் என்று கேட்கிற மாதிரி இருந்தது அவருக்கு. ஒன்றரை வயசுக் குழந்தை அப்படியெல்லாம் கேட்காது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்டது.

தலை வந்துவிட்டது. காதோரம் சிராய்ப்பு, அவ்வளவுதான். தாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல நேரத்துக்கு வந்தீங்கண்ணா, உங்களை உயிர் இருக்கற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்று அழுதாள். அந்தச் சொல் முள் மாதிரி உள்ளே போனது. அதைவிட மோசம் மறுநாள் நடந்தது. கான்டிராக்டர் வந்து பார்த்துவிட்டு, "அறுத்த கம்பியை அதே இடத்துல வச்சு வெல்டு வச்சிடு" என்றார். நூலு வைத்தார். அதே இடத்தில். ஒரு நூல் பிசகாமல்.

அந்தக் குடும்பம் அடுத்த மாதமே வீட்டைக் காலிசெய்தது. எங்கே போனார்களோ. நூலு அதற்கப்புறம் அந்தத் தெருவில் கால் வைக்கவில்லை. சைக்கிளில் போனாலும் சுற்றிக்கொண்டு போவார். மகளும் மாப்பிள்ளையும் போய்ப் போய் அந்தக் கட்டடத்திலேயே வீடு பார்த்தபோது, "அந்தப் பக்கம் கொசு அதிகம்" என்றார். "கொசு இல்லாத ஊரு எதுப்பா?" என்று மகள் சிரித்தாள்.

மகள் வீட்டு ஜன்னலில் எட்டு கம்பி கூடப் போட அவருக்கு அரை நாள் போதும். ஆனால் போட்டால், ஏன் என்று கேட்பார்கள். ஒரு ஜன்னலுக்குப் பதில் சொன்னால் நாற்பது ஜன்னலுக்கும் சொல்ல வேண்டும். அலமாரி என்றால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தார்.

இதற்கு நடுவில் இன்னொன்று. தினமும் காலையில் அவரும் மனைவியும் கேட்டைத் தாண்டி வரும்போது, ரெண்டாம் மாடியில், அந்த வீட்டு ஜன்னலில், அதே கம்பிகளுக்கு நடுவே ஒரு குழந்தையின் முகம் தெரிந்தது. நெற்றியைக் கம்பியில் பதித்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருக்கும். முதல் நாள் அவர் மனைவியை முந்திக்கொண்டு படியேறிவிட்டார். ரெண்டாம் நாள் மனைவியின் கையைத் தொட்டு, "அங்க பாரேன், யாராவது தெரியறாங்களா?" என்றார்.

அவள் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். "எங்க? துணி காயுது. யாரும் இல்லையே."

அவரும் பார்த்தார். ஜன்னல் வெறுமையாக இருந்தது. மூன்றாம் நாள் முகம் திரும்பவும் இருந்தது. அவர் மனைவியிடம் சொல்லவில்லை. அதற்கப்புறம் தலையைக் குனிந்துகொண்டே வந்தார். குனிந்தாலும் உச்சந்தலையில் அந்தப் பார்வை படுவது தெரிந்தது.

அலமாரி நகர்ந்த அன்று பதினொரு மணிக்கு மகள் வீடியோவில் கூப்பிட்டாள். மனைவிதான் போனை வாங்கி அறையைச் சுற்றிக் காட்டினாள். இதோ தொட்டில், இதோ மஞ்சள், இதோ உங்கப்பா முட்டி வீங்கிப்போய் நிக்கறார்.

"அழகா இருக்கும்மா. ஏன் இவ்ளோ இருட்டா இருக்கு? லைட்டைப் போடு." போட்டார்கள். போனில் மகளின் முகம் சுருங்கியது. "அப்பா, ஜன்னல் எங்கப்பா?"

நூலு அலமாரியைத் தட்டிக் காட்டினார்.

"இருக்கும்மா. அலமாரிக்குப் பின்னால இருக்கு."

"அலமாரிக்குப் பின்னால ஜன்னல் எதுக்குப்பா? துணி காத்து வாங்கவா?"

"வெளிச்சம்மா, குழந்தை கண்ணு…"

"இங்க நர்சம்மா தினம் குழந்தையை வெளிச்சத்துல வைங்கன்னு சொல்றாங்க. நீங்க பெட்டகத்துல வச்சுப் பூட்டப் பாக்கறீங்க. என் பெஞ்சு எங்க?"

"பெஞ்சு வேணாம். குழந்தை ஏறும்."

"ஏறினா ஏறட்டும், அதுக்குத்தானே கம்பி போட்டிருக்கு!"

அவர் அலமாரியின் கதவைத் திறந்து மூடினார். மகளின் குரல் இறங்கியது. "நீங்க அவளைக் கண்ணெடுத்தே பாக்க மாட்டேங்கறீங்க. அம்மா சொன்னப்ப நான் நம்பல. இப்ப இந்த ரூமைப் பாத்தா… பொண்ணாப் போச்சுன்னு வருத்தமாப்பா?"

சம்மட்டியால் அடித்தது போல இருந்தது அவருக்கு. "ஐயோ, இல்லம்மா" என்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது. மனைவி அவரைப் பார்த்த பார்வையில் அவருக்கு நிற்க முடியவில்லை. பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு, கீழே கொட்டிவிட்டு வருகிறேன் என்று இறங்கினார்.

கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கும்போது தோளில் சொத்தென்று ஏதோ விழுந்தது. குனிந்து பார்த்தார். உள்ளங்கை நீளத்தில் ஒரு குழந்தைச் செருப்பு. நடந்தால் பீப்பீ என்று கத்துமே, அந்த மாதிரி. மேலே பார்த்தார். முகம் சிரித்தது. நாலு பல். ஆவிக்கு எங்கேயாவது செருப்பு இருக்குமா? அது நிஜக் குழந்தை. அந்த ஜன்னலில், அந்தக் கம்பிக்கு நடுவில், இப்போது ஒரு நிஜக் குழந்தை நின்றுகொண்டிருந்தது. ஆவியாகவே இருந்திருக்கக்கூடாதா என்று இருந்தது நூலுவுக்கு.

படி ஏறினார். கதவைத் தட்டினார். காதில் ஹெட்செட் மாட்டிய ஒரு பெண் திறந்தாள். போனில் யாருக்கோ பில் கட்டும் முறையைச் சொல்லிக்கொண்டே இவரிடமிருந்து செருப்பை வாங்கினாள். "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்" என்று மைக்கை அமுக்கிவிட்டு, "மன்னிச்சுக்கோங்க ஐயா, இந்த வாரம் இது நாலாவது ஆளு. ஒருத்தர் தலையில டம்ளரே விழுந்துச்சு. அடி படலையே?" என்றாள்.

"குழந்தை எதுமேல ஏறி நிக்குது?"

"சோபா மேல. எனக்கு வேலை நேரத்துல அங்க நிறுத்திட்டா பேசாம வேடிக்கை பார்ப்பான். ஒரு தொந்தரவு இல்ல."

அவள் தோளுக்கு மேலாக நூலு பார்த்தார். பையன் திரும்பவும் சோபாவில் ஏறிவிட்டான். கம்பியின் நடுவில் இருந்த புடைப்பை, முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஒட்டுப்போட்ட இடத்தை, விரலால் தடவிக்கொண்டிருந்தான். அப்புறம் கீழே போன செருப்பைத் தேடித் தலையைச் சாய்த்தான். கம்பிக்குள் காது வரைக்கும் போனது.

நூலு அவளைத் தள்ளாத குறையாக உள்ளே போய்ப் பையனைத் தூக்கினார். பையன் வீறிட்டான். "யோவ், யாரு நீ? குழந்தையை விடு!" என்று அவள் கத்தினாள். ஹெட்செட்டில் அந்தப் பக்கத்து ஆள் என்னாச்சு என்னாச்சு என்று கேட்பது வெளியே கேட்டது.

"இந்தக் கம்பியில ஒரு தலை மாட்டியிருக்கும்மா" என்றார் நூலு. "இதே கம்பி. நான்தான் அறுத்தேன். போட்டதும் நான்தான். அகலம்னு தெரிஞ்சே போட்டேன். அறுத்தப்புறம் திரும்ப அதே இடத்துல வச்சதும் நான்தான்."

அவள் ஹெட்செட்டைக் கழற்றினாள். பையனை வாங்கி இடுப்பில் இறுக்கினாள். ஜன்னலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அழுவாள், திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தார்.

"எத்தனை வருஷமாத் தெரியும் உங்களுக்கு?"

"முப்பத்தொண்ணு."

"நான் வந்து ரெண்டு வருஷம். நிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து இவன் இங்கயேதான் நிக்கறான்." அவள் பையனை மறு இடுப்புக்கு மாற்றினாள். "இனி என்ன நின்னுட்டிருக்கீங்க? போய் மெஷினை எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் இவனை நான் தரையில விடப்போறதில்ல."

சாயங்காலத்துக்குள் அந்த ஜன்னலில் எட்டு கம்பி ஏறியது. பழைய புடைப்பை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி வைத்தார். கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் வெல்டு வைத்தார், ஆனாலும் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. புகைதான் என்று அவள் நினைத்திருப்பாள்.

அன்றே மனைவியை உட்கார வைத்துச் சொன்னார். அவள் எழுந்துபோய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். பிறகு, "அதான் கட்டில் கோழிக்கூண்டு மாதிரி இருந்துச்சா" என்று மட்டும் சொன்னாள். இந்த முறை சிரிக்கவில்லை.

மகளிடம் ஆஸ்பத்திரியில் சொன்னார். வராந்தாவில் இல்லை, உள்ளே போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து. பொண்ணு பிறந்ததில் வருத்தம் என்று அவள் நினைத்ததுதான் அவரை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தது. அவள் கேட்டு முடிக்கும்வரை போர்வையின் நூலைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள்.

"அந்தக் குழந்தை இப்ப எங்கப்பா?"

"தெரியாதும்மா."

"தேடினீங்களா?"

"இல்ல."

"இப்ப முப்பத்திரண்டு முப்பத்திமூணு வயசு இருக்கும். என்னைவிடக் கொஞ்சம் பெரிசு" என்றாள். ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் போனில் ஒரு வரி வந்தது: பெஞ்சு ரெண்டடி அகலம் வேணும்.

அலமாரியை நகர்த்தினார். ஜன்னலில் கம்பி ஏற்றினார். பெஞ்சு செய்தார். அதோடு நிற்கவில்லை. நாற்பது வீட்டுக் கதவையும் ஒவ்வொன்றாகத் தட்ட ஆரம்பித்தார். கம்பியும் அவருடையது, கையும் அவருடையது. எல்லாக் கதவும் நல்லபடியாகத் திறக்கவில்லை. "எங்க வீட்டுல குழந்தையே இல்ல, போயா" என்றார் ஒருவர். "நாளைக்கு வர வீட்டுக்காரங்களுக்கு இருக்கும் சார்" என்றார் நூலு. இன்னொருவர் முழுக்கதையும் கேட்டுவிட்டு, போலீசில் சொன்னால் என்ன என்றார். "சொல்லுங்க. ஜன்னலைச் செஞ்சிட்டு வரேன்" என்றார். அவர் என்ன நினைத்தாரோ, வழி விட்டார். ஹெட்செட் பெண் மட்டும் படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் "இன்னிக்கு எந்த வீடு?" என்று கேட்பாள். மன்னித்தாளா என்று அவர் கேட்டதில்லை.

கம்பி ஏற ஏற அந்தப் பழைய குழந்தையின் கண் மறைந்துவிடும் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். மறையவில்லை. எந்த வீட்டு ஜன்னலில் நின்றாலும், கம்பிக்கு அந்தப் பக்கம், வெறும் காற்றில், அது இருந்தது. பழைய மாதிரி கேள்வி கேட்கவில்லை. வேலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

பதினோராவது ஜன்னல் முடிந்த மறுநாள் பேத்தி வீட்டுக்கு வந்தாள். ரெண்டு கிலோ அறுபது கிராம். அந்த அறுபதை அவர் மனைவி வாட்ச்மேனிடமும் சொன்னாள், பால்காரரிடமும் சொன்னாள். காலை வெயில் பெஞ்சின் மேல் விழுந்து, நெருக்கமான கம்பிகளின் நிழல் மஞ்சள் சுவரில் கோடு போட்டிருந்தது. மகள் பெஞ்சில் உட்கார்ந்து, பால் குடித்து முடித்தவளின் வாயைத் துடைத்தாள். நூலு வேலைக்குக் கிளம்பி, கையுறையோடு வாசலில் நின்றார்.

"உள்ள வாங்கப்பா."

வந்தார். குழந்தை கண்ணைத் திறந்தது. கறுப்பாக, ஆடாமல், நேராக. அவர் பின்னால் நகரவில்லை. முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து, அதன் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துப் பார்த்தார். அது பார்க்கிற வரைக்கும் பார்த்தார். அதுவாகக் கொட்டாவி விட்டுக் கண்ணை மூடியது.

"இந்தாங்க, பிடிங்க" என்று மகள் குழந்தையை நீட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது. மனைவி பின்னால் நின்று, "பிடிங்களேன், கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க" என்றாள்.

நூலு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பாத்துட்டேன்மா, அது போதும். தூக்கறதுக்கு இன்னும் இருபத்தொம்பது ஜன்னல் இருக்கு. அது முடியறதுக்குள்ள இவளுக்கும் கழுத்து நின்னுடும்" என்றார்.